எழுத்தும் அச்சும்: தடித்த செரிஃப் பற்றி வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன: தடித்த செரிஃப் எழுத்து. ஆங்கில எழுத்தின் தண்டு, அதாவது அதன் முக்கியமான தடித்த கோடு, முடிகிற இடத்தில் சிறு பாதம்போல நிற்பதுதான் செரிஃப். பாதமுள்ள அந்த மரபு எழுத்தின் கனத்த வடிவத்தைத்தான் பத்திரிகைத் தலைப்பிலும் கடைப் பலகையிலும் சான்றிதழிலும் பார்க்கிறோம். இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: கணினியில் எழுத்தைத் தெரிவு செய்து 'பி' பொத்தானை அழுத்தினால் சில எழுத்துருக்கள் வடிவாகத் தடிக்கின்றன. சில எழுத்துருக்கள் மை ஊறின மாதிரி வருகின்றன. ஒரே பொத்தான்தானே, ஏன் இந்த வித்தியாசம்?
— தட்டச்சு நிலையம் நடத்தும் வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்தப் பொத்தான் செய்வது ஒரு தேடல். எழுத்துருவின் தடித்த கோப்பு கணினியில் இருந்தால் அதை எடுத்து மாற்றி வைக்கும். ரைம்ஸ் நியூ றோமனுக்குச் சாதாரணம், தடித்தது, சாய்ந்தது, தடித்துச் சாய்ந்தது என நான்கு கோப்புகள் இருக்கின்றன. ஆகவே அங்கே பிரச்சினை இல்லை. தடித்த கோப்பு இல்லாத எழுத்துருவில் மென்பொருள் தானாகவே எழுத்தின் ஓரத்தைச் சுற்றிக் கொஞ்சம் கறுப்பைப் பூசிவிடுகிறது. நீங்கள் சொல்லும் "மை ஊறின மாதிரி" அதுதான். அதைப் போலித் தடிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

எண்களில் பார்த்தால் தெளிவாக விளங்கும். எழுத்தின் அளவை 1000 அலகாகப் பிரித்துக்கொள்ளுங்கள். போஸ்ற்ஸ்கிரிப்ற் அச்சுப்பொறிகளோடு வந்த ரைம்ஸ் எழுத்தில் சாதாரண வடிவத்தின் தண்டு 84 அலகு, மெல்லிய கோடு 28 அலகு. தடித்த வடிவத்தில் தண்டு 139, மெல்லிய கோடு 44. இரண்டிலும் தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. கனம் கூடியும் எழுத்தின் முகம் மாறவில்லை. போலித் தடிப்பில், தண்டை 139 ஆக்கச் சேர்த்த அதே 55 அலகு மெல்லிய கோட்டிலும் சேரும். அது 83 ஆகிவிடும். மூன்றுக்கு ஒன்றாக இருந்தது ஏறத்தாழ ஒன்றே முக்காலுக்கு ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆங்கிலச் சிறிய 'ஈ' எழுத்தின் கண், சிறிய 'ஏ' எழுத்தின் வயிறு எல்லாம் உள்ளிருந்து அடைபடும்.

அகலத்தையும் பாருங்கள். சிறிய 'என்' சாதாரணத்தில் 500 அலகு, தடித்ததில் 556. சிறிய 'எம்' 778-இலிருந்து 833-க்குப் போகிறது. தண்டு பருக்க, எழுத்துக்கு இடமும் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 0 முதல் 9 வரையான இலக்கங்கள் இரண்டு வடிவத்திலும் 500 அலகுதான். விலைப்பட்டியலில் மொத்தத் தொகையை மட்டும் தடிப்பாக்கினாலும் நிரல் குலையாமல் நிற்பது இதனால்தான். எவ்வளவு யோசித்துச் செய்த வேலை!

சோதிக்கும் வழி: இன்டிசைன், இலஸ்ரேற்றர் ஆகிய வடிவமைப்பு மென்பொருள்கள் இரண்டும் தடித்த கோப்பு இல்லாவிட்டால் தடிக்க மறுத்துவிடும். மைக்ரோசொவ்ற் வேட் மறுக்காது, போலியைத் தந்துவிடும். போட்டோஷொப்பிலும் போலிக்குத் தனிப் பொத்தான் உண்டு. சந்தேகம் என்றால் பி.டி.எவ். கோப்பைத் திறந்து அதன் விபரப் பகுதியில் எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். பெயரோடு 'போல்ட்' என்று தனியாக ஒன்று பதிவாகியிருந்தால் உண்மையானது. சாதாரணப் பெயர் மட்டும் இருந்தால் போலி.

கேள்வி: நான் கையால் பெயர்ப்பலகை எழுதுபவன். தமிழ் பிரச்சினை இல்லை. ஆங்கிலத்தில் பாதமுள்ள தடித்த எழுத்தைப் பெரிதாக எழுதினால் ஏதோ ஒன்று பிழைத்தமாதிரித் தெரிகிறது, என்ன பிழை என்று பிடிபடவில்லை. அளவு சொல்வீர்களா, ஐயா?
— சாவகச்சேரி வாசகர்

பதில்: பெரிய எழுத்தின் உயரத்தை 10 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரைம்ஸ் தடித்த எழுத்தின் விகிதத்தைப் பின்பற்றினால் தண்டு 2 அங்குலம், மெல்லிய கோடு அரை அங்குலத்துக்குச் சற்று மேல், ஏறத்தாழ அங்குலத்தில் மூன்றில் இரண்டு. சிறிய எழுத்துகளின் உடல் உயரம் 7 அங்குலம். முதலில் இந்த மூன்று கோடுகளையும் நூல் அடித்துக் குறியுங்கள்: அடிக்கோடு, 7 அங்குலக் கோடு, 10 அங்குலக் கோடு.

அடுத்தது வட்ட எழுத்து. 'ஓ', 'சி', 'ஜி' ஆகியவற்றைக் கோட்டுக்குள் அடக்கி எழுதினால் பக்கத்தில் நிற்கும் 'எச்'சைவிடச் சின்னதாகத் தெரியும். மேலும் கீழும் ஏறத்தாழ கால் அங்குலம் கோட்டைத் தாண்ட விடுங்கள். 'எஸ்', 'யூ' ஆகியவற்றின் வளைவுக்கும் இதே விதி. வளைவின் கனத்த இடத்தைத் தண்டைவிட ஒரு நூல் (அங்குலத்தில் எட்டிலொன்று) தடிப்பாக விடவேண்டும். சரிக்குச் சரி அளந்தால் வளைவு மெலிந்துபோனதாகத் தெரியும். உங்கள் கண்ணுக்குப் பிழையாகப்பட்டது பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

இனித் தடிப்பு விழும் பக்கம். இந்த எழுத்துகள் தட்டை முனைப் பேனாவில் பிறந்தவை. இடமிருந்து வலமாகக் கீழே இறங்கும் கோடு தடிக்கும், மேலே ஏறும் கோடு மெலியும். ஆகவே 'ஏ'யின் இடக்கால் மெலிவு, வலக்கால் தடிப்பு. 'வி'யில் இடது தடிப்பு, வலது மெலிவு. 'யூ'வில் இடத்தண்டு தடிப்பு. 'எக்ஸ்', 'வை' ஆகியவற்றிலும் இடது மேலிருந்து இறங்குவதே தடிப்பு. 'என்' பலருக்குச் சறுக்கும் இடம்: அதன் இரண்டு நிமிர்ந்த கோடுகளும் மெலிவு, நடுவே இறங்கும் சாய்கோடுதான் தடிப்பு. 'எம்'மில் முதல் நிமிர்கோடு மெலிவு, அதையடுத்த சாய்கோடு தடிப்பு, மற்றச் சாய்கோடு மெலிவு, கடைசி நிமிர்கோடு தடிப்பு. 'இசட்' மட்டும் விதிவிலக்கு. அதன் சாய்கோடு மறுபக்கமாகச் சாய்ந்தும் தடிப்பாகவே வரும். அட்டையில் வெட்டிய 'ஏ' அச்சைத் தலைகீழாக்கி 'வி'க்குப் பாவிப்பதைப் பல பலகைகளில் காணலாம். அச்சைச் சுழற்றாமல் மறுபுறமாகப் புரட்டிவைத்தால் தடிப்பு மாறிவிழும். 'வி'யின் பாதங்கள் மேலேதான் இருக்கவேண்டும், கீழே கூர் மட்டுமே.

'எஸ்', 'பி', 'எட்டு', 'மூன்று' நான்கிலும் மேல் வயிறு கீழ் வயிற்றைவிடச் சிறியது. ஸ்ரென்சிலைத் தலைகீழாக வைத்து அடித்தால் எழுத்து முன்னே விழப்போவதுபோல நிற்கும். வைக்குமுன் அச்சின் மேற்பக்கத்தில் ஒரு புள்ளி குறித்துவைத்தால் இந்தப் பிழை வராது.

பாதம்: தடிப்பு மெல்லிய கோட்டின் அளவே, தண்டின் இருபக்கமும் ஒவ்வோர் அங்குலம் நீட்டலாம். தண்டும் பாதமும் சேரும் மூலையைச் செங்கோணமாக விடாமல் சிறு வளைவால் நிரப்புங்கள். மரபு எழுத்தின் அழகில் பாதி அந்த வளைவில் இருக்கிறது.

இடைவெளியை அடிமட்டத்தால் சமமாக அளக்கக்கூடாது. 10 அங்குல எழுத்தில் நேர்த்தண்டுக்கும் நேர்த்தண்டுக்கும் இடையே இரண்டரை அங்குலம், நேர்த்தண்டுக்கும் வட்டத்துக்கும் இடையே ஒன்றே முக்கால், வட்டத்துக்கும் வட்டத்துக்கும் ஒன்று என்று தொடங்குங்கள். 'ஏ'யும் 'வி'யும் பக்கத்தில் வந்தால் ஒன்றன்மேல் ஒன்று சாயுமளவுக்கு நெருக்கலாம். பிறகு பத்தடி தள்ளிநின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எங்கே வெள்ளை ஓட்டைபோலத் தெரிகிறதோ அங்கே நெருக்குங்கள். பென்சிற் கோட்டிலேயே இதைச் செய்யவேண்டும், எனாமல் ஏறினபிறகு ஏலாது.

கேள்வி: கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை. பழைமையான தோற்றத்தில் ஆங்கிலப் பெயர், உள்ளே மின்விளக்கு எரியும் எழுத்தாக வேண்டும். பொடோனி, கிளரென்டன், கூப்பர் பிளக் மூன்றையும் மாதிரி காட்டினார்கள். எதை எடுப்பது? எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்?
— யாழ்ப்பாண நகர வாசகர்

பதில்: நகைக்கடை என்றவுடன் எல்லோரும் பொடோனியைத்தான் காட்டுவார்கள். தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள வேறுபாடு அதில் மிகக் கூடுதல். அட்டைப்பெட்டியிலும் பற்றுச்சீட்டிலும் தங்கச் சரிகைபோல நிற்கும். ஒளிரும் எழுத்துக்கு அது பொருந்தாது. காரணம் எளிது: எல்.ஈ.டி. பட்டிகள் 8 அல்லது 10 மில்லிமீற்றர் அகலமானவை. பக்கச் சுவரையும் சேர்த்தால் எழுத்தின் மிக மெல்லிய இடமும் ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். ரைம்ஸ் தடித்த எழுத்தில் மெலிவு உயரத்தின் பதினைந்தில் ஒன்று. ஆகவே அதற்கே 225 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ 9 அங்குல உயரம் தேவை. பொடோனியின் மெலிவு அதைவிடவும் மெல்லியது. அந்த இடங்களில் விளக்கு வைக்காமல் விட்டால் இரவில் எழுத்து உடைந்து, தண்டுகள் மட்டும் தனித்தனியாக மிதக்கும்.

எங்கள் தெரிவு கிளரென்டன். பாதம் தடிப்பானது, வளைவோடு தண்டில் சேர்வது. மெலிவான இடங்களும் நல்ல சதையோடு இருக்கும். வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் விளக்கு வைப்பதற்கும் தோதானது.

கூப்பர் பிளக்கை அமெரிக்கர் ஒஸ்வால்ட் கூப்பர் வரைந்து, சிக்காகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அன்ட் ஸ்பின்ட்லர் வார்ப்பகம் 1922-இல் வெளியிட்டது. மூலைகளெல்லாம் உருண்டு, பாதம் மழுங்கி, கையால் பிசைந்த மாவுபோல இருக்கும். வெட்டுப்பிழை, மைப்பிழை எதையும் வெளியே காட்டாத பொறுமையான எழுத்து. இனிப்புக்கடை, சிறுவர் உடுப்புக்கடை, ஐஸ்கிரீம் கடைக்கு மிக நல்லது. நகைக்கடைக்கு அதன் குரல் சற்று விளையாட்டுத்தனம் என்பது எங்கள் கருத்து. உள்வெளிகளும் சிறியவை; சிறிய 'ஈ'யின் கண் தூரத்தில் அடைந்துபோகும்.

உயரத்துக்குப் பலகைத் தொழிலில் பாவிக்கும் கணக்கு, 10 அடித் தூரத்துக்கு 1 அங்குல எழுத்து. எதிர்ப்பக்க நடைபாதை 40 அடி என்றால் 4 அங்குலம். சந்தியிலிருந்து 100 அடியில் வருபவர் இலகுவாக வாசிக்கவேண்டும் என்றால் 10 அங்குலம். இது பெரிய எழுத்தின் உயரம், பலகையின் உயரமல்ல. எழுத்துக்கு மேலும் கீழும் குறைந்தது அதன் பாதியளவு வெற்றிடம் விடுங்கள்.

கேள்வி: அந்தியேட்டிக்குக் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், அச்சிட்டோம். அட்டையில் கருஞ்சிவப்புப் பின்னணியில் அப்பாவின் பெயரும் பிறப்பு, இறப்புத் திகதிகளும் வெள்ளையில். திகதிகள் அரைவாசி அழிந்தமாதிரி வந்துவிட்டது. கணினியில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.
— சுன்னாகம் வாசகி

பதில்: உங்கள் மனவருத்தம் விளங்குகிறது. முப்பத்தொராம் நாளுக்குள் முடிக்கவேண்டிய அவசரத்தில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. காரணத்தைச் சொல்கிறோம், அடுத்து அச்சிடும் குடும்பத்துக்காவது உதவட்டும்.

வெள்ளை எழுத்துக்கு மை கிடையாது. சுற்றிவர மை விழுந்து, எழுத்து இருக்கும் இடம் வெறுமையாக விடப்படுகிறது. கருஞ்சிவப்பு என்பது நாலு வர்ண அச்சில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்று தகடுகளின் சேர்க்கை. மூன்றும் ஒரே இடத்தில் அச்சொட்டாக விழவேண்டும். ஓவ்செற் அச்சில் 0.1 மில்லிமீற்றர் விலகுவது சாதாரணம். 10 புள்ளி (பொயின்ற்) அளவுச் சாதாரண ரைம்ஸ் எழுத்தில் மெல்லிய கோடே 0.1 மில்லிமீற்றர்தான். ஒரு தகடு விலகினால் அந்தக் கோடு முழுவதும் மையில் மூழ்கிவிடும். அதன்மேல் மை காகிதத்தில் சற்றுப் பரவவும் செய்யும். வெளிச்சமான திரையில் வெள்ளை எழுத்து இருப்பதைவிடத் தடிப்பாகத் தெரிவதால் முன்கூட்டிப் பிடிபடாது.

செய்யவேண்டியது: நிறப் பின்னணியில் வெள்ளையாக வரும் செரிஃப் எழுத்தைத் தடித்த வடிவத்தில், 14 புள்ளிக்குக் குறையாமல் வையுங்கள். அப்போது மெல்லிய கோடு 0.2 மில்லிமீற்றரைத் தாண்டும், விலகல் வந்தாலும் தப்பிக்கொள்ளும். பின்னணி நிறத்தை இரண்டு மையில் முடிக்க ஏலுமென்றால் இன்னும் பாதுகாப்பு. திகதிகள் 14 புள்ளிக்கு இடம் இல்லாத அளவு நீளமென்றால், அட்டையில் வெளிர் நிறப் பட்டை ஒன்று விட்டு, அதில் கறுப்பு மையில் மட்டும் அச்சிடுங்கள். கறுப்பு என்றால் தனிக் கறுப்புத் தகடு, நாலு மையும் கலந்த கறுப்பு அல்ல. போட்டோஷொப்பில் செய்த அட்டைகளில் இந்தக் கலப்புக் கறுப்பு அடிக்கடி ஒளிந்திருக்கும். அச்சகத்தாரிடம் தகடுகளைத் தனித்தனியாகத் திரையில் காட்டச் சொல்லுங்கள்.

உள்ளே தேவாரங்களுக்கும் வம்சாவளிக்கும் சாதாரண எழுத்துப் போதும். தடிப்பைத் தலைப்புக்கும் பெயருக்கும் மட்டும் வைத்திருங்கள்.

கேள்வி: பாடசாலை மலருக்கு ஆங்கிலத் தலைப்பு ரைம்ஸ் தடித்த எழுத்தில் இருக்கிறது. தமிழையும் அதிலேயே அடித்தேன், ஆனால் இரண்டும் ஒட்டவில்லை. தமிழில் செரிஃப் எழுத்து என்று ஒன்று இருக்கிறதா?
— உயர்தர மாணவர், பருத்தித்துறை

பதில்: தம்பி, ரைம்ஸ் நியூ றோமனில் தமிழ் எழுத்தே இல்லை. நீர் யூனிகோட்டில் தமிழ் அடித்தபோது கணினி சொல்லாமல் வேறொரு தமிழ் எழுத்துருவை, விண்டோஸ் என்றால் பெரும்பாலும் நிர்மலா அல்லது லதாவை, இட்டு நிரப்பியிருக்கும். வேட்டில் எழுத்துரு அமைப்புப் பெட்டியைத் திறந்தால், தமிழ் போன்ற எழுத்துமுறைகளுக்கு எழுத்துரு, தடிப்பு, அளவு மூன்றையும் தீர்மானிக்கும் தனிப் பகுதி கீழே இருக்கும். அங்கே மாற்றவேண்டும்.

ஆங்கிலத்தில் உள்ள பாதம் தமிழில் இல்லை, தேவையும் இல்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறியபோது தமிழ்க் கோடு ஒரே தடிப்பில்தான் இருந்தது. உலோக அச்சு வந்தபிறகே தடிப்பும் மெலிவும் கலந்த வடிவம் நிலைத்தது. ஆகவே செரிஃபுக்கு இணை தேடும்போது பாதத்தைத் தேடாமல் தடிப்பு மெலிவைத் தேடவேண்டும். விண்டோஸோடு வந்த விஜயாவுக்கு அந்தக் குணம் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ செரிஃப் தமிழ் 100 முதல் 900 வரை ஒன்பது கனங்களில் வருகிறது. ரீரோ தமிழ் மிக அழகான எழுத்து, ஆனால் அதில் சாதாரணமும் சாய்ந்ததும் மட்டுமே. அதைத் தடித்தால் முதற் கேள்வியில் சொன்ன போலிதான் வரும். பாமினியும் உம்முடைய கணினியில் ஒரே கோப்பாக இருந்தால் அதே கதை.

ஆங்கிலம் 700 கனத்தில் இருந்தால் தமிழை 600-இல் வைத்துப் பாரும். தமிழ் எழுத்தொன்றுக்குள் கோடுகள் கூட. ஒரே கனத்தில் வைத்தால் தமிழ் கறுத்துத் தெரியும். அளவைப் பொருத்த, ஆங்கிலத்தின் பெரிய 'எச்', சிறிய 'எக்ஸ்' இரண்டுக்கும் நடுவே தமிழ் 'ப'வை வைத்து, 'ப'வின் உயரம் இரண்டுக்கும் இடையில் வரும்வரை அளவைக் கூட்டியும் குறைத்தும் பாரும். முழுதும் பெரிய எழுத்தில் ஆங்கிலத் தலைப்பு என்றால் ஆங்கிலத்தைச் சற்றுக் குறைப்பதே நல்லது. யாழ்ப்பாணத்துப் பாடசாலை மலரில் தமிழ்தானே முன்னே நிற்கவேண்டும்.

இனி முக்கியமான சோதனை. தடித்த தமிழ் எழுத்துருவை எடுத்தவுடன் இவற்றை அடித்து, பாவிக்கப்போகும் அளவிலேயே அச்சிட்டுப் பாரும்: கண்ணன், கீரிமலை, இணுவில், ஞாயிறு, ஸ்ரீ. மூன்று சுழி 'ண'வின் சுழிகள் மூன்றும் திறந்திருக்கின்றனவா? நடுச் சுழி அடைந்தால் 'ண' இரண்டு சுழி 'ன'வாகிவிடும், 'கண்ணன்' வேறு சொல்லாகிவிடும். 'கீ'யின் தலையில் உள்ள சுழி கறுத்து அடைந்தால் 'கி' என்று வாசிப்பார்கள். 'ர'வின் அடியில் சரியும் சிறு கால் தடித்த எழுத்தில் குறுகி, அது வெறும் அரவாக, அதாவது 'கா'வில் உள்ள காலாக, மாறிவிடாமலும் பாரும். புள்ளி எழுத்தின் தலையில் ஒட்டாமல் மெல்லிய வெள்ளை விட்டு நிற்கவேண்டும். இந்த நாலும் தேறினால் எழுத்துருவைத் தாராளமாகப் பாவிக்கலாம். எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் 'ண' தேறாத எழுத்துருவைத் தமிழ்த் தலைப்பில் வைக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

தலைப்பு இரண்டு வரியென்றால் மேல் வரியின் 'கு', 'ழு' கீழிறங்கும், கீழ் வரியின் 'கீ', 'றி' மேலேறும். ஆங்கிலத்துக்குப் போதுமான 120 வீத வரியிடைவெளி தமிழில் முட்டும். 140 வீதத்தில் தொடங்கும். எழுத்துக்கிடையே இடம் விரிக்கும் அமைப்பையும் தொடவேண்டாம். 'கொ' என்ற ஓரெழுத்து கொம்பு, உடல், கால் என மூன்று துண்டாகப் பிரிந்து நிற்கும்.

கேள்வி: தடித்த எழுத்து எப்போது தோன்றியது? முதல் அச்சுக் காலத்திலேயே இருந்ததா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், வட்டுக்கோட்டை

பதில்: இல்லை. ஐரோப்பாவில் முதல் மூன்றரை நூற்றாண்டு அச்சு நூல்கள் அழுத்தம் காட்டச் சாய்ந்த எழுத்தையும் பெரிய எழுத்தையும் சில வேளைகளில் சிவப்பு மையையுமே நம்பின. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் விளம்பரத் தாள்கள் பெருகியபோதுதான் தூரத்திலிருந்து கண்ணை இழுக்கும் எழுத்துத் தேவைப்பட்டது. றொபேட் தோர்ன் போன்ற வார்ப்பாளர்கள் தண்டை அளவுக்கு மிஞ்சிப் பருக்கவைத்த எழுத்துகளை வார்த்தார்கள். அவை சுவருக்கு உரியவை, புத்தகத்துக்குள் வரமுடியாதவை.

புத்தகத்துக்குள் வந்தது கிளரென்டன். இலண்டன் ஃபான் ஸ்றீற் வார்ப்பகத்தின் றொபேட் பெஸ்லி 1845-இல் அதைப் பதிவு செய்தார்; எழுத்தை வார்ப்பதற்கான மூல அச்சை உலோகத்தில் வெட்டியவர் பெஞ்சமின் ஃபொக்ஸ். சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் நிற்கக்கூடிய தடித்த எழுத்து என்பதே அதன் புதுமை. அகராதியில் தலைச்சொல்லைத் தடிப்பாகவும் பொருளைச் சாதாரணமாகவும் அச்சிடும் வழக்கத்துக்கு அது கைகொடுத்தது. பதிவுப் பாதுகாப்பு மூன்று ஆண்டுக்கு மட்டுமே. அது முடிந்தவுடன் மற்ற வார்ப்பகங்கள் பிரதி செய்யத் தொடங்கின. ஆங்கில அச்சகங்களில் தடித்த எழுத்துக்கே 'கிளரென்டன்' என்பது பொதுப்பெயர்போலப் புழங்கியது.

இங்கே யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் 'உதயதாரகை' தமிழும் ஆங்கிலமுமாக 1841-இல் வெளிவரத் தொடங்கிவிட்டது, கிளரென்டனுக்கு நான்கு ஆண்டு முன்னர். 1842-இல் மானிப்பாய் அகராதி என்று நாம் சொல்லும் யாழ்ப்பாண அகராதி வந்தது. ஆறுமுக நாவலர் 1849-இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொண்டுவந்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். இரு மொழி எழுத்தையும் ஒரே பக்கத்தில் ஒழுங்குபடுத்தும் வேலை எங்கள் அச்சுக்கோப்பாளருக்கு அவ்வளவு பழையது.

கேள்வி: அம்மாவுக்குக் கண்பார்வை குறைவு. அவருக்கென்று கந்தசஷ்டி கவசத்தை முழுவதும் தடித்த எழுத்தில் அச்சிட்டால் நல்லதா?
— நல்லூர் வாசகி

பதில்: வேண்டாம். தடித்த எழுத்தின் உள்வெளி சிறிது. பக்கம் முழுவதும் அப்படி வந்தால் கண் கெதியில் களைத்துவிடும். சாதாரண கனத்தில், அல்லது 500 கனத்தில், அளவை 18 புள்ளிக்குக் கூட்டுங்கள். வரியிடைவெளி 28 புள்ளி. மினுங்காத, சற்று மஞ்சள் சாய்ந்த தாளில் கறுப்பு மை. ஒவ்வொரு பகுதியின் முதற் சொல்லை மட்டும் தடிப்பாக்கினால் விட்ட இடத்தை அம்மா உடனே கண்டுபிடித்துக்கொள்வார்.

கேள்வி: ஒப்படையில் தலைப்பைத் தடிப்பாக்கி, கீழ்க்கோடும் இட்டு, சாய்க்கவும் செய்யலாமா?
— பல்கலைக்கழக மாணவி

பதில்: ஒன்று போதும். கீழ்க்கோடு தட்டச்சுப் பொறிக் காலத்தில் தடித்த எழுத்து இல்லாததால் வந்த ஏற்பாடு. தமிழில் அது 'கு', 'சு'வின் அடியை வெட்டிக்கொண்டு போகும்.

கேள்வி: நாங்கள் அனுப்பிய அழைப்பிதழ்க் கோப்பு அச்சகக் கணினியில் திறந்தபோது தடித்த எழுத்தெல்லாம் மாறிப்போயிருந்தது. எழுத்துருவையும் சேர்த்து அனுப்பலாமா?
— கோப்பாய் வாசகர்

பதில்: நோட்டோ, ரீரோ போன்ற திறந்த உரிம எழுத்துருக்களைத் தாராளமாகச் சேர்த்து அனுப்பலாம். விண்டோஸோடு வந்தவற்றையோ விலைக்கு வாங்கியவற்றையோ அச்சிடப் பாவிக்கலாம், ஆனால் கோப்பை மற்றவருக்குக் கொடுக்க உரிமம் பெரும்பாலும் இடம் தராது. எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எவ். ஆக அனுப்புவதே சுத்தமான வழி. அச்சகத்தார் எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றித் தரச் சொன்னால், முதலில் மூலக்கோப்பை வேறு பெயரில் சேமித்துவிட்டுப் பிரதியில் மட்டும் மாற்றுங்கள். மாற்றினபின் ஒரு புள்ளியைக்கூட அடித்துத் திருத்த முடியாது. மணமக்கள் பெயர், முகூர்த்த நேரம், மண்டபம் மூன்றையும் அதற்கு முன் தாளில் எடுத்து, வீட்டில் இருவர் தனித்தனியாக வாசித்துப் பார்க்கவேண்டும். போட்டோஷொப்பில் 'கொ', 'கெ' ஆகியவற்றின் கொம்பு இடம்மாறி நின்றால் எழுத்துரு பிழையல்ல. விருப்பத்தேர்வில் எழுத்துப் பகுதிக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான 'வேள்ட் ரெடி' அமைப்பைத் தெரிவு செய்து, கோப்பை மூடித் திறந்து, அந்த வரியை மீண்டும் அடியுங்கள்.